பத்துப் பறவைகளும் சங்கும்

பாரிவாக்கம்
20.6.2024

கிருஷ்ணப்பிரியாவுக்கு,

என் பத்துப் பறவைகளைக் கொன்றது நீ. ஆறு பட்ஜி, இரண்டு காக்கட்டீல், இரண்டு ஆப்பிரிக்க லவ் பேர்ட். போன வெள்ளிக்கிழமை, பதினான்காம் தேதி, பகல் பன்னிரண்டே கால் மணி.

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். நான் நலமாக இல்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது?

நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன். மொட்டை மாடியில் என் பதினோராவது பறவை சங்குவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். நம் பழைய இரும்புச் சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அது தானே இறங்கிச் சிறகடிக்கும். திடீரென்று கத்தத் தொடங்கியது. சன் கொனியூர் கிளி கத்தினால் நசரத்பேட்டை வரை கேட்கும் என்று நீயே கேலி செய்வாய். என் காதில் விழும் ஒரே பறவை அதுதான். ஆலைச் சங்கு மாதிரி கத்துவதால்தான் அந்தப் பெயர். அதைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். வாசற்படியில் நீ இருமிக்கொண்டு நின்றாய். கையில் உன் கறுப்பு வாணலி. என் வீட்டுக்குள் என்னையே விடாமல் மறுபடியும் மாடிக்குத் தள்ளினாய். அரை மணி கழித்து நான் உள்ளே வந்தபோது பத்தும் கூண்டின் தரையில் கிடந்தன.

ஒட்டாத பூச்சு போட்ட வாணலி காய்ந்து புகைந்தால் கிளி இனத்தில் எதுவும் பிழைக்காது என்று இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியிருந்தேன். நீ தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் டீ போட்டாய்.

நீ சொன்னது ஒரே வார்த்தை, “மன்னிச்சிருங்க மாமா.” திங்கட்கிழமை என் மகன் உன்னைக் கூட்டிக்கொண்டு சேக்காட்டு ஃபிளாட்டுக்குப் போய்விட்டான். நான்தான் இருவரையும் போகச் சொன்னேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

அன்று நடந்ததை நீ உன் கையால் எழுதித் தர வேண்டும். போனில் பேசாதே. நாற்பது வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டிச் செவிடான காது இது. செல்போனில் எழுத்தாக அனுப்பினால் அழித்துவிடலாம். காகிதத்தை அழிக்க முடியாது.

இப்படிக்கு,
ஜெயராமன்


சேக்காடு, ஆவடி
27.6.2024

மாமா அவர்களுக்கு வணக்கம்.

இருமல் நின்றுவிட்டது. இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, அதுவும் போய்விட்டது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பக்கத்து வீட்டுக் கமலம் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் குழம்பு கொண்டுவந்தால் திருப்பி அனுப்பாதீர்கள்.

அந்த வாணலியை வாங்கியவள் நான். நீங்கள் எழுதி ஒட்டிய பிறகும் தூக்கி எறியாமல் அலமாரியின் அடித்தட்டில் போட்டு வைத்தவளும் நான். அதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொரு விஷயம். எதிர் ஃபிளாட்டில் ஆக்னஸ் என்று ஒரு டீச்சர் இருக்கிறார். ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வைத்திருந்தார். நீல நிறம், இறக்கையில் கறுப்புக் கோடுகள். போன வாரம் ஒன்று இறந்துவிட்டது. ஜோடி போனால் மற்றதும் ஒரு வாரத்தில் போய்விடும் என்று கடையில் சொன்னார்களாம். அழுதுகொண்டே இருக்கிறார். அது உண்மையா மாமா?

அன்புடன்,
கிருஷ்ணப்பிரியா


பாரிவாக்கம்
5.7.2024

கிருஷ்ணப்பிரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. காய்ச்சல் போனது நல்லது. கமலத்தின் குழம்பில் உப்பு அதிகம்.

முதலில் டீச்சர் விஷயம், ஏனென்றால் அங்கே ஓர் உயிர் காத்திருக்கிறது. அது லவ் பேர்ட் இல்லை. பட்ஜி. சென்னை முழுக்க இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள், விற்பவனும் செய்கிறான். பட்ஜி ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பறப்பது. லவ் பேர்ட் ஆப்பிரிக்காவுடையது. வால் கட்டை, உடம்பு தடித்தது, தன் துணையைத் தவிர யாரையும் பக்கத்தில் விடாது, கையை நீட்டினால் கடிக்கும். குணத்தில் அது என்னை மாதிரி. பட்ஜி அப்படி இல்லை. யார் பக்கத்தில் இருந்தாலும் ஒட்டிக்கொண்டு உட்காரும். ஜோடி போனதால் சாகாது. தனியாகப் போட்டு வைத்தால்தான் வாடும். இன்னொரு பட்ஜியை வாங்கி முதலில் தனிக் கூண்டில் வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு சேர்க்கச் சொல். முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்து வைக்கச் சொல், சுண்ணாம்புச் சத்து வேண்டும்.

பச்சைக்கிளி வாங்கலாமா என்று அடுத்ததாகக் கேட்பார். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். என் மாடிக்குத் தினமும் முப்பது வருகின்றன. கொய்யா தின்றுவிட்டுப் போகின்றன. அதுதான் அதை வளர்க்கும் முறை.

இப்போது உன் விஷயம். பிரஸ் ஷாப்பில் ஒருவனுக்கு விரல் போனால், “என் தப்புதான்” என்று அவன் சொன்னதும் ஃபைலை மூடிவிட மாட்டோம். மிஷினில் யார் நின்றது, யார் ஓடவிட்டது, ஏன் என்று கேட்போம். நீ வாணலி வாங்கியதை எழுதினாய். அதை அடுப்பில் ஏற்றியதை எழுதவில்லை. மூன்று கேள்வி. அன்று வேலை நாள், பகலில் ஏன் வீட்டுக்கு வந்தாய்? எத்தனை மணிக்கு வந்தாய்? அதில் என்ன சமைத்தாய்?

ஜெயராமன்


சேக்காடு
24.7.2024

மாமா அவர்களுக்கு வணக்கம். இங்கே இருவரும் நலம். மழை அங்கேயும் பெய்ததா? ஹால் ஜன்னல் பக்கம் ஒழுகுமே, கூண்டை நகர்த்தினீர்களா?

இப்போது அங்கே சங்கு மட்டும்தானே இருக்கிறது. எழுதிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மன்னியுங்கள்.

ஆக்னஸ் டீச்சரின் பட்ஜி பிழைத்துக்கொண்டது. “உங்க மாமனார் டாக்டரா?” என்று கேட்டார். பிரஸ் ஷாப் என்றேன். நம்பவில்லை.

பகலில் வந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அரை நாள் லீவு போட்டிருந்தேன். இரண்டு மணிக்கு உங்களை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது லோகேஷ் சொன்னார், நீங்களும் சரி என்றீர்கள். அந்தப் பரிசோதனை இன்னும் அப்படியே நிற்கிறது. லோகேஷ் வேறு நாள் வாங்கட்டுமா?

நான் யாரிடமும் சொல்லாத ஒன்று. நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் நீங்கள் மதியம் தூங்குவீர்கள். அப்போது காக்கட்டீல் முத்துவை வெளியே விடுவேன். என் தோளில் ஏறிக் காது கம்மலை இழுக்கும். ஒருமுறை லேப்டாப்பில் ஒரு பொத்தானைப் பெயர்த்துவிட்டது. தென்காசியில் எங்கள் வீட்டில் கோழிகூட வளர்த்ததில்லை. அது தோளில் உட்கார்ந்தால் நான் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவேன்.

அதன் கொண்டை சில நேரம் நிமிர்ந்து நிற்கும், சில நேரம் தலையோடு படுத்திருக்கும். அது ஏன் என்று உங்களிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன்.

அன்புடன்,
பிரியா


பாரிவாக்கம்
1.8.2024

கிருஷ்ணப்பிரியாவுக்கு,

நலம். நலமென்றுதான் எழுத வேண்டும்.

முத்துவை நீ வெளியே விட்டது எனக்குத் தெரியாது. கூண்டுக் கதவின் கொக்கி மாறி மாட்டியிருப்பதைப் பார்த்து, எனக்குத்தான் மறதி என்று நினைத்தேன்.

கொண்டை நட்டுக்கொண்டு நின்றால் பயம், அல்லது புதிதாக எதையோ பார்த்திருக்கிறது. பின்னால் ஒட்டப் படிந்து, வாயும் திறந்து சீறினால் கோபம், கையை எடுத்துவிடு. பாதி சாய்ந்து, நுனி மட்டும் மேலே வளைந்து நின்றால் நிம்மதியாக இருக்கிறது. எல்லாரும் கிளியைப் பேசுவதற்காக வாங்குகிறார்கள். செவிடன் எதற்கு வாங்கினான் என்று ஊரே சிரித்தது. எனக்கு எதிரில் நிற்கும் மனிதர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாது. பறவை மனதில் இருப்பதை உடம்பில் காட்டிவிடும். உன் தோளில் உட்கார்ந்தபோது அதன் கொண்டை எப்படி இருந்தது? எழுது.

டாக்டரைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மாடிக்கு ஏன் போகிறேன்? எனக்குக் காதுதான் போயிருக்கிறது. மற்ற இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை.

இங்கே எல்லாரும் ஏமாற்றுகிறார்கள். பூந்தமல்லிக் கடைக்காரன் ஒரே வாரத்தில் மூன்று முறை என் தலையில் தினையைக் கட்டிவிட்டான். வீட்டில் வந்து பார்த்தால் மூட்டை மேல் மூட்டை.

உத்தமன் வந்திருந்தான். புறா வளர்ப்பவனுக்குக் கிளியைப் பற்றி என்ன தெரியும்? அவன் மீசைக்கு அடியில் பாதி வார்த்தை காணாமல் போகும், மீதியை உதட்டில் படித்தேன். “இன்னா அண்ணாத்தே, செத்த குருவிக்கு இன்னும் கேஸ் நடத்திகினு கீறியா? அது நல்ல பொண்ணு. வுட்டுத் தள்ளு.” குருவி இல்லடா என்றேன். “சரி, செத்த கிளிக்கு” என்றான். டீ கொடுக்காமல் அனுப்பினேன்.

சங்கு தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்குகிறது. மஞ்சள் இறகு வீடெல்லாம் கிடக்கிறது. கூட்டத்தோடு இருந்த பறவை. காலியான கூண்டுகளைப் பார்த்துக் கத்துகிறது. பதில் வருவதில்லை. நீ செய்த வேலை.

ஜெயராமன்


சேக்காடு
19.8.2024

மாமா அவர்களுக்கு வணக்கம்.

கொண்டை பாதி சாய்ந்து, நுனி மேலே வளைந்து இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருந்தது.

உங்கள் கடிதத்தை லோகேஷிடம் காட்டவில்லை. தினை மூட்டைகளைக் கமலம் அக்கா பார்த்துச் சொன்னார்கள். கோபப்படாதீர்கள். லோகேஷ் ஞாயிறன்று ஒரு மின்சார அடுப்பு கொண்டுவருவார். பாத்திரத்தை எடுத்தால் அணைந்துவிடும், எடுக்காவிட்டாலும் நேரம் குறித்து வைத்தால் தானாக அணைந்துவிடும். காஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எனக்காக ஒப்புக்கொள்ளுங்கள்.

சங்கு இறகு பிடுங்குவதற்கு என்ன செய்ய வேண்டும்? நான் வந்து தினமும் ஒரு மணி நேரம் உட்காரட்டுமா? நீங்கள் அடுத்த அறையில் இருந்துகொள்ளலாம். என்னைப் பார்க்க வேண்டியதில்லை.

பிரியா


பாரிவாக்கம்
27.8.2024

கிருஷ்ணப்பிரியாவுக்கு,

அடுப்பை உன் புருஷனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பத்து உயிரை அடுப்பில் வைத்துக் கொன்றவள் எனக்கு அடுப்பு அனுப்புகிறாள். என் அடுப்பை நான் அணைக்க மாட்டேன் என்று உனக்கு யார் சொன்னது?

நீ இங்கே வர வேண்டாம். என்ன சமைத்தாய் என்று எழுதும்வரை கடிதமும் வேண்டாம்.

ஜெ.


சேக்காடு
2.9.2024

மாமா அவர்களுக்கு வணக்கம்.

நான் அன்று எதையும் சமைக்கவில்லை. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

கோபமாகவே இருங்கள். கோபமாக இருக்கும்வரை நேரத்துக்கு எழுந்து, சாப்பிட்டு, எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். அது போதும்.

பிரியா


சேக்காடு
12.10.2024

மாமா அவர்களுக்கு,

நான் எழுதி நாற்பது நாள் ஆகியும் பதில் இல்லை. லோகேஷ் மூன்று ஞாயிறு வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நீங்கள் கதவைத் திறக்கவில்லையாம். நீங்கள் நலமா என்று ஒரு வரி போடுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

ஆக்னஸ் டீச்சர் ஒரு காக்கட்டீல் வாங்கியிருக்கிறார். முதல் நாள் கொண்டை ஆணி மாதிரி நின்றது. “பாரும்மா, எவ்ளோ கம்பீரமா கீது!” என்று கையை நீட்டப் போனார். பயத்தில் நிற்கிறது, இன்றைக்குத் தொடாதீர்கள் என்றேன். நான்காம் நாள் சாய்ந்தது. உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

பிரியா


பாரிவாக்கம்
10.11.2024

பிரியாவுக்கு,

நலமா? லோகேஷ் நலமா? டீச்சரின் காக்கட்டீல் தானாக வந்து தோளில் ஏறும்வரை காத்திருக்கச் சொல். நீ கையை நிறுத்தியது சரி.

இந்தக் காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் என் கையெழுத்து இருக்கும். அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கை அது. பிய்த்துவிட்டேன். அதன் முதுகில் எழுதுகிறேன்.

போன வாரம் பெய்த மழையில் பின்பக்கத்துக் கறிவேப்பிலைத் தொட்டியின் மண் கரைந்துவிட்டது. ரசத்துக்கு இலை பறிக்கப் போனேன். மண்ணில் கறுப்பாகச் சில்லுகள் தெரிந்தன. கரி என்று நினைத்தேன். எடுத்தால் விரலில் நொறுங்கியது. முட்டை ஓடு. கை விட்டுத் தோண்டினேன். ஒரு வாணலி நிறைய இருக்கும். எல்லாம் தீய்ந்தவை.

இந்த வீட்டில் முட்டை ஓட்டை வறுப்பவன் நான் ஒருவன்தான். நீ முட்டை சாப்பிட மாட்டாய்.

என் நோட்டை எடுத்தேன். ஜூன் பதிமூன்று: “ஓடு டப்பா நிறைந்தது. நாளை வறுத்துப் பொடிக்க வேண்டும்.” பதினான்கு வெறுமையாக இருக்கிறது. டப்பாவும் காலி. எப்போதும் இரும்புச் சட்டியில்தான் வறுப்பேன். இரும்புச் சட்டி அன்று மாடியில் இருந்தது, சங்கு அதில் குளித்தது என்று முதல் கடிதத்தில் நானே உனக்கு எழுதியிருக்கிறேன். சட்டியைக் காணாமல் அடித்தட்டில் கையை விட்டு உன் வாணலியை எடுத்திருக்கிறேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மாடிக்குப் போயிருக்கிறேன்.

எடுத்திருக்கிறேன், போயிருக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது. எடுத்தேன் என்று எழுத நினைவு வரவில்லை. ஒரு வாரமாக உட்கார்ந்து யோசித்தும் அந்தக் காலை வரவில்லை. கீழே பத்தும் கத்தியிருக்கும். எனக்குக் கேட்டிருக்காது. சங்குவுக்குக் கேட்டிருக்கிறது.

உன் கடிதங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். ஒரு பொய்கூட இல்லை. வாணலி வாங்கியது நீ, எறியாமல் வைத்தது நீ, சமைக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போக வந்தவள் புகையில் நுழைந்து அடுப்பை அணைத்திருக்கிறாய், ஓடுகளைத் தொட்டி மண்ணில் கொட்டி மூடியிருக்கிறாய், நானும் சங்குவும் உள்ளே போகாமல் படியில் மறித்திருக்கிறாய். நான் உன்னைக் கொலைகாரி என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். நீ இருமிக்கொண்டே கேட்டுக்கொண்டாய்.

நீ செய்தது தப்பு. இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். என் கையால் போன உயிர்களுக்கு நான்தான் அழ வேண்டும். ஐந்து மாதம் அதை என்னிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தாய். தெரிந்தால் இந்தக் கிழவன் தாங்க மாட்டான் என்று நினைத்திருப்பாய். தாங்கவில்லைதான். அதற்காக நீ தாங்க வேண்டும் என்று யார் சொன்னது?

இனி ஆக வேண்டியவை. யார் செய்ய வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். மாற்றக் கூடாது.

லோகேஷ் வரும் ஞாயிறு காஸ் சிலிண்டரை எடுத்துப் போக வேண்டும். கதவைத் திறப்பேன். மின்சார அடுப்பு வேண்டாம், எந்த அடுப்பும் வேண்டாம். என் மறதிக்கு டாக்டரிடம் நாள் வாங்க வேண்டும். டாக்டர் சொல்வதை என் உதடு படிக்கும் சாமர்த்தியத்தை நம்பி விடாமல், ஒரு வரி விடாமல் காகிதத்தில் எழுதித் தர வேண்டும். கெட்டதையும் எழுத வேண்டும்.

கமலம் இரண்டு வேளை சாப்பாடு தர ஒப்புக்கொண்டாள். உப்பைக் குறைக்க வேண்டும். அதை நீ சொல், நான் சொன்னால் சண்டை வரும்.

உத்தமன் அதே ஞாயிறு சங்குவைப் பெரிய கூண்டோடு தன் வண்டியில் உன் வீட்டில் சேர்க்க வேண்டும். அவனிடம் எல்லாம் சொன்னேன். வழக்கமாகப் பேசுபவன், “வா அண்ணாத்தே, டீ குடிக்கலாம்” என்று மட்டும் சொன்னான்.

ஆக்னஸ் டீச்சர் காலையும் மாலையும் வரும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கொனியூர் பட்ஜி இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடு. அவருடைய காக்கட்டீல் வாசல் வழியே பார்க்கும்படி, ஆனால் தனிக் கூண்டில், சங்குவை வை. இரண்டுக்கும் துணையாகும். சேர்த்து விட்டால் கொனியூர் கடித்துவிடும்.

நீ அதைச் சமையலறையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பத்து மணி நேரம் தூங்க விட வேண்டும். கண்மணி சட்டென்று சுருங்கிச் சுருங்கி விரிந்தால் விளையாடவும் வரும், கடிக்கவும் வரும், உடம்பும் சிலிர்த்திருந்தால் கையை நீட்டாதே. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கத்தும். அது கூட்டத்தைக் கூப்பிடுவது. பேசாமல் இருக்கக் கூடாது, எந்த அறையில் இருந்தாலும் பதில் குரல் கொடுக்க வேண்டும். இங்கே பதில் கொடுக்க யாரும் இல்லாததால்தான் நெஞ்சில் இறகு இல்லாமல் நிற்கிறது. பேசக் கற்றுக்கொடுக்காதே. இரும்புச் சட்டியையும் அனுப்புகிறேன். வேறு எதிலும் அது குளிக்காது.

ஜெயராமன் இனி உயிர் எதையும் வளர்க்கக் கூடாது. மாடியில் பச்சைக்கிளிகளுக்குக் கொய்யா மட்டும் வைக்கலாம். ஐந்து மணி ஆனதை இனிக் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. நான் இதையும் மறந்துவிடுவேன். ஒருநாள், என் பத்துப் பறவைகளைக் கொன்றது நீ என்று உனக்கு மறுபடியும் ஒரு கடிதம் வரும். அன்று இந்தக் காகிதத்தை என் கண்முன் நீட்டிப் படிக்கச் செய்ய வேண்டும். நீ செய்ய மாட்டாய். அதனால் அதை லோகேஷ் செய்ய வேண்டும்.

ஜெயராமன்